எட்டுப் பேருக்கு ஒரு பந்தல்

அக்டோபர் 22, ஞாயிறு

இன்று காலை கைலியும் பனியனுமாக வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டேன். குப்பையைக் கீழே கொண்டு போட்டுவிட்டு வருவதற்குள் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. இங்கே ஜெர்மனியில் வீட்டுக் கதவுகளுக்கு வெளிப்பக்கம் ஒரு குமிழ் உண்டு. அது பிடித்துக்கொண்டு நிற்க மட்டும்தான், சாவி இல்லாமல் திறக்காது. சாவி உள்ளே, செல்போன் உள்ளே. மனைவி ஷைனிக்கு ஆஸ்பத்திரியில் காலை டியூட்டி. வீட்டுக்குள் இருந்தது ஏழு வயது மகள் அஜிஷா மட்டும். 'யாரு தட்டினாலும் தொறக்காத' என்று மூன்று மாதமாக அவளுக்குப் பாடம் நடத்தியவன் நான்.

"மக்ளே, அப்பாதான். கதவத் தொற."

"தொறக்க மாட்டேன். அப்பா சொல்லிருக்காவ."

"அந்த அப்பாதான் மக்ளே இந்த அப்பா."

"அப்போ அம்மா பேரு சொல்லுங்க."

"ஷைனி."

"அது கீழ பெல்லுலயே எழுதிருக்கு. யாரு வேணும்னாலும் சொல்லலாம்."

கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். அப்பா பிளஸ் டூ எத்தனை தடவை எழுதினாவ? "ரெண்டு" என்றேன். கதவு திறந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால், மேல் மாடியில் குடியிருக்கும் பெக்கர் அம்மாவும் அவர் மகள் ஈடாவும் படியில் நின்றுகொண்டிருந்தார்கள். தமிழ் தெரியாததால் என் கல்வித் தகுதி மட்டும் தப்பித்தது. கைலி தப்பவில்லை.

இந்த நாட்குறிப்பு ஜெர்மன் வகுப்பு டீச்சரின் யோசனை. தினமும் நாலு வரி ஜெர்மனில் எழுத வேண்டுமாம். 'இன்று ஞாயிறு. நான் ஒரு ஆண்' என்று எழுதினேன். அதற்கு மேல் அந்த மொழியில் எனக்கு விஷயம் இல்லை. ஆகவே மீதி தமிழில்.

அக்டோபர் 24, செவ்வாய்

பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். ஷைனி லீவு போட்டுவிட்டு வந்தாள். டீச்சர் நல்ல மாதிரி. ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். பள்ளி திறந்த ஆகஸ்டிலிருந்து இன்றுவரை அஜிஷா வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்கு போடுகிறாள், சொன்னது புரிகிறது, எழுதச் சொன்னால் எழுதுகிறாள், வாய் மட்டும் திறப்பதில்லை. கை தூக்கி பாத்ரூம் போகக்கூடக் கேட்பதில்லையாம். அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வரும்போது பஸ்ஸில் ஷைனி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போது சொன்னாள்.

"அவ பொறந்தநாள் வர பாப்போம். நவம்பர் இருவத்திரெண்டு. அப்பயும் இப்பிடியே இருந்தா நீங்க பிள்ளையக் கூட்டிட்டு ஊருக்குப் போயிருங்க."

"நீ?"

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் ஒப்பந்தம் கெடக்கு. முடிச்சிட்டு வாறேன்."

"தனியாவா இருப்ப?"

"பிள்ள இப்பிடி ஊமையா இருக்கதப் பாத்துட்டு இருக்கதுக்கு, தனியா இருக்கலாம்லா."

கழுவி வைத்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள். பிள்ளைக்காகத்தான் எல்லாம் என்று நானும் சொன்னேன்.

அக்டோபர் 29, ஞாயிறு

ராஜமணி அண்ணன் போன் பண்ணினான். மார்த்தாண்டத்தில் நானும் அவனும் சேர்ந்து நடத்தியது பந்தல், நாற்காலி, மைக் செட் வாடகைக் கடை. கல்யாணம், சடங்கு, கோயில் திருவிழா, சர்ச் பெருவிழா, எதுவானாலும் முதலில் போவது நாங்கள், கடைசியில் வருவதும் நாங்கள். ஷைனிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தபோது கடையை அண்ணன் கையில் விட்டுவிட்டு வந்தேன். இப்போது என் வேலை சமையல், துணி, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, குப்பையை நாலு நிறத் தொட்டியில் பிரித்துப் போடுவது. நாலாவது நிறத்தில் இன்னும் தகராறு உண்டு.

"என்ன டே, வாறியா இல்லியா? சீசன் தொடங்கிட்டு. எனக்கு ஒத்த ஆளா முடியல்ல. ஒனக்குப் பதிலா ஜெகன் பங்குக்குச் சேர்றேன்னு நடையா நடக்கான்."

"பிள்ள இன்னும் பேசல்லண்ணே. அநேகமா கிறிஸ்மஸுக்கு முன்ன வந்துருவோம்."

"அப்ப ஜெகன்ட்ட என்ன சொல்ல?"

"நவம்பர் கடைசி வர பொறுக்கச் சொல்லு."

போனை வைத்துவிட்டு வெங்காயம் அரிந்தேன். அஜிஷா அறையிலிருந்து வந்தாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழம சத்தம் போடக் கூடாது, சீட்டியும் அடிக்கக் கூடாது. இங்க சட்டம்."

சீட்டி அடித்துக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 3, வெள்ளி

பால் வாங்கிக்கொண்டு வந்தேன். கீழ் வாசலில் நுழையும்போது மேலே படிக்கட்டில் இரண்டு பிள்ளைகள் ஜெர்மனில் வாயாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஈடா. இன்னொருத்தி யாரோ கெட்டிக்காரி, ஈடாவைப் பேசவே விடவில்லை. ஒரு மாடி ஏறிய பிறகுதான் அந்தக் குரல் என் வீட்டுக் குரல் என்று உறைத்தது. நின்றேன். ஏதோ ஒரு பூனையைப் பற்றிய பேச்சு. பூனை என்ற வார்த்தை என் வகுப்பில் முதல் வாரமே வந்தது, அதனால் தெரியும். என் செருப்புச் சத்தம் கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது.

ஷைனி நைட் டியூட்டி முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை.

நவம்பர் 4, சனி

ஷைனியிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

மறதி இந்த வயதில் சகஜம். துணி துவைத்தேன். சாக்ஸ் ஒன்றைக் காணவில்லை.

நவம்பர் 7, செவ்வாய்

பிறந்தநாளுக்கு ஏற்பாடு தொடங்கினேன். இருபத்திரெண்டாம் தேதி புதன்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை, பதினெட்டாம் தேதி, ஷைனிக்கு லீவு. அன்றைக்கே கொண்டாடிவிடலாம் என்று முடிவு செய்து, பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளைக் கூப்பிட வந்த தாய் தகப்பன்மார் எல்லாரையும் அழைத்தேன். இருபது வருஷம் ஊர் விசேஷங்களுக்கு நாற்காலி போட்டவனுக்கு அழைக்கத் தெரியாதா? "சனிக்கிழமை என் மகளுக்குப் பிறந்தநாள். குடும்பத்தோடு வாருங்கள். எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்." இதை ஜெர்மனில் எழுதி, மனப்பாடம் பண்ணி, கைகூப்பிச் சொன்னேன்.

ஒருவரும் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஒரு தகப்பனார் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தார்.

சாயங்காலம் பெக்கர் அம்மா கதவைத் தட்டினார். அவர் இங்கிலீஷ் பேசுவார், நான் இங்கிலீஷ் மாதிரி ஒன்று பேசுவேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தேன். ஜாக்கிரதையாக விஷயத்துக்கு வந்தார்.

"ஞானதாஸ், எப்போது வேண்டுமானாலும் என்றால் எத்தனை மணிக்கு?"

"எப்ப வசதியோ அப்ப."

"எத்தனை மணிக்கு முடியும்?"

எங்கள் ஊரில் நாங்கள் நாற்காலியை அடுக்க ஆரம்பித்தால் ஜனம் எழும்பும். அதுதான் முடிவு. அதை அவருக்கு எப்படிச் சொல்ல?

அடுத்தது, குடும்பத்தோடு கூப்பிடக் கூடாதாம். பிள்ளைகளை மட்டும், அதிலும் எட்டு வயது என்றால் எட்டுப் பேர். மூன்றாவதுதான் பெரிய தப்பு. குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"பிறந்தநாளுக்கு முன்னால் கொண்டாடக் கூடாது. வாழ்த்தக்கூடக் கூடாது. குழந்தைக்கு ஆகாது."

"நீங்க இதெல்லாம் நம்புறீங்களா?"

"நான் நம்பவில்லை. ஆனால் நான் வாழ்த்த மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ராகுகாலம் பார்த்துப் பந்தக்கால் நடச் சொல்பவர்களிடம் மல்லுக்கட்டிய ஆள் நான். இங்கே எல்லாம் மெஷின் மாதிரி நடக்கும் என்று நினைத்து வந்தால், பஸ் நிமிஷம் தவறாமல் வருகிறது, அதில் ஏறி வருகிறவர்கள் வாழ்த்துச் சொல்லப் பயப்படுகிறார்கள். அவரும் சிரித்தார். இரண்டாவது டீயும் குடித்தார்.

ஆகவே பிறந்தநாள் இருபத்தைந்தாம் தேதி சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. மூன்று மணி முதல் ஆறு மணி வரை. அன்றைக்கு ஷைனிக்கு மத்தியான டியூட்டி. நான் தனி ஆள்.

"ஒங்களால முடியுமா?" என்று ஷைனி கேட்டாள்.

"ஆயிரம் பேருக்குப் பந்தல் போட்டவன்ட்ட கேக்கியா?"

"ஆயிரம் பேருக்குப் பந்தல் போட நீங்க பேச வேண்டாம்லா."

நவம்பர் 12, ஞாயிறு

எட்டு அழைப்பு அட்டைகள் போயின. ஈடா வருகிறாள். ஒரு பையனுக்குப் பாட்டி வீடு, வரமுடியாது. இன்னொருத்திக்கு நீச்சல் போட்டி. மீதிப் பேரிடமிருந்து பதில் இல்லை.

"யாருமே வராட்டி?" என்று ஷைனி கேட்டாள்.

"வராட்டி என்ன செய்ய, பிள்ளைக்கு இங்க குடுத்து வைக்கல்லன்னு நெனைக்க வேண்டியதுதான்" என்றேன்.

மனசு லேசாக இருந்தது. நாலு நாளைக்குப் பிறகு வெயில் அடித்தது, அதனாலாக இருக்கும்.

நவம்பர் 15, புதன்

பள்ளி வாசலில் டீச்சரைப் பார்த்தேன். வகுப்பில் அஜிஷா இன்னும் பேசவில்லை என்றார். வீட்டுக்கு வரும்வரை பொறுக்காமல் டியூட்டியில் இருந்த ஷைனிக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். சரி என்று மட்டும் சொன்னாள். யாரோ நோயாளி கூப்பிடுகிற சத்தம் கேட்டது, வைத்துவிட்டாள்.

எனக்கும் ஜெர்மன் வகுப்பு இருந்தது. டீச்சர் என்னைக் கேள்வி கேட்டால் நான் பக்கத்துச் சீட்டு சிரியாக்காரரைப் பார்ப்பேன். அவர் எனக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். நல்ல மனுஷன். இன்று அவர் வரவில்லை. நான் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னல் பதில் சொல்லவில்லை.

நவம்பர் 18, சனி

ஐந்து பேர் வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஈடாவோடு ஆறு. பாட்டி வீட்டுப் பையனும் பாட்டியை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிவிட்டானாம். ஏழு.

தலைவலி.

நவம்பர் 22, புதன்

அஜிஷாவுக்கு எட்டு வயது. ஷைனி கேக் சுட்டாள். பெக்கர் அம்மா காலையிலேயே இறங்கி வந்து, இன்று தேதி சரியாக இருப்பதால் தாராளமாக வாழ்த்தினார்.

சாப்பிடும்போது ஷைனி மெதுவாகக் கேட்டாள். "மக்ளே, அப்பாவும் நீயும் ஊருக்குப் போறீங்களா?"

அஜிஷா யோசித்தாள். "சனிக்கெழமைக்கு முன்னயா, பொறவா?"

"பொறவுதான்."

"பொறவுன்னா பொறவு பேசுவோம்" என்று கேக்கை எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் 25, சனி

எழுதக் கை வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஏழு பிள்ளைகள் என்றால் ஏழு பிள்ளைகள்தான் வருவார்கள் என்பதை என் கை நம்பவில்லை. முப்பது பேருக்குக் கோழி பிரியாணி செய்துவிட்டேன். பெக்கர் அம்மாவிடம் நாற்காலி இரவல் வாங்கி வரிசையாகப் போட்டேன். போட்டு முடித்துப் பார்த்தால் எல்லா நாற்காலியும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடை இருக்கும் பழக்கத்தில் போட்டுவிட்டேன். அஜிஷா எல்லாவற்றையும் இழுத்து வட்டமாகப் போட்டாள்.

மூன்று மணிவரை ஒரு ஈ காக்கை இல்லை. ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்தேன். வரவில்லை, விட்டுத் தொலை என்று நினைத்தபோது பெல் அடித்தது. மணி சரியாக மூன்று. அத்தனை பேரும் அந்த ஒரே நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். பார்சல் கொடுப்பதுபோல் பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் திரும்பினார்கள். "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று ஒருவரின் முழங்கையைப் பிடித்தேன். எங்கள் ஊரில் அப்படிப் பிடித்தால்தான் மரியாதை. அவர் சிரித்துக்கொண்டே முழங்கையை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

பிரியாணியில் சோற்றை மட்டும் தின்றார்கள். புதினா இலையை ஓரமாக அடுக்கி வைத்தார்கள். பப்படத்தைக் கண்டதும் கட்டுப்பாடு போய்விட்டது. நான் பொரிக்கப் பொரிக்கத் தீர்ந்தது. அஜிஷா தட்டு எடுத்துக் கொடுத்தாள், தண்ணீர் ஊற்றினாள். பேசவில்லை. பிள்ளைகளும் அவளிடம் பேசாமல் கையால் காட்டிக் கேட்டார்கள். பழகிப்போயிருக்கிறது.

அப்புறம் விளையாட்டு. பெக்கர் அம்மா சொல்லிக் கொடுத்தது. தரையில் ஒரு பானையைக் கவிழ்த்து, அதற்கடியில் மிட்டாய் வைக்க வேண்டும். ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டிக் கையில் மரக்கரண்டி கொடுக்க வேண்டும். அது தவழ்ந்துகொண்டே தரையைத் தட்டிப் பானையைத் தேடும். கிட்டே போனால் மற்றவர்கள் 'சூடு' என்று கத்துவார்கள். விலகிப் போனால் 'குளிர்.' பொங்கலுக்கு உறியடிக்குக் கயிறு கட்டுகிறவன் நான். இங்கே பானை தரையில் இருக்கிறது, அடிக்கிறவனும் தரையில் இருக்கிறான், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டில் இருந்ததிலேயே பெரிய பாத்திரம், அலுமினியச் சருவம், அதைக் கவிழ்த்தேன்.

இரண்டு மூன்று பேர் ஆடினார்கள். அடுத்தது ஈடா. கண்ணைக் கட்டி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டதில் திசை தப்பி, சமையலறைப் பக்கம் தவழ்ந்து போனாள். அங்கே பப்படம் பொரித்த, சூடு ஆறாத எண்ணெய்ச் சட்டியைத் தரையில் இறக்கி வைத்திருந்தேன். நான் செய்தது மடத்தனம்தான். நான் சுவரோரம் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றேன், தாண்டி வர நேரமில்லை. பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கத்தினார்கள், ஈடாவுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் வாயைத் திறந்தேன். ஜெர்மன் வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. 'நில்லு' என்பதற்கு அவர்கள் என்ன சொல்வார்கள்? வரவே இல்லை.

அப்போது அந்தக் குரல் வந்தது. அஜிஷா நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தாள்.

"ஈடா! நில்!" என்றாள் ஜெர்மனில். அப்புறம் மடமடவென்று என்னவோ. ஈடா நின்றாள், திரும்பினாள், அவள் சொன்ன பக்கம் தவழ்ந்தாள். "குளிர். குளிர். இடது பக்கம்! உன் இடது! சூடு, சூடு, சூடு!" கரண்டி சருவத்தில் பட்டு வீடே அதிர்ந்தது.

எல்லாப் பிள்ளைகளும் நாற்காலிமேல் நின்றவளையே பார்த்தார்கள். பாட்டி வீட்டுப் பையன் என்னவோ சொன்னான். அஜிஷா அவனைப் பார்த்து ஒன்று சொன்னாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அவன் உள்பட. பிறகு அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவன் சொன்னது, 'அட, இவளுக்குப் பேச வருது!' அவள் சொன்னது, 'நீ வாய மூடினாத்தானே அடுத்தவங்க பேச முடியும்.'

இருபது வருஷம் மைக் செட் போட்டவன் நான். ஒரு குரல் எங்கே உடையும், எங்கே ஊளையிடும் என்று கேட்டமாத்திரத்தில் சொல்வேன். இவள் குரல் சுத்தமாக வந்தது.

எண்ணெய்ச் சட்டியை மேலே எடுத்து வைத்தேன். சருவத்துக்கடியில் அடுத்த மிட்டாயை வைத்தேன். ஒரு மிட்டாயை நானே பிரித்து வாயில் போட்டேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

சரியாக ஆறு மணிக்குப் பெல் அடித்தது. ஆறு ஐந்துக்கு வீட்டில் யாரும் இல்லை. நான் ஒரு நாற்காலிகூட அடுக்கவில்லை.

நவம்பர் 26, ஞாயிறு

ஷைனிக்கு இன்று லீவு. அஜிஷா காலையிலேயே எல்லாவற்றையும் நடித்துக் காட்டினாள். ஈடாவாகத் தவழ்ந்தாள், அந்தப் பையனாக முழித்தாள், நானாக வாயைத் திறந்துகொண்டு நின்றாள். என் வேஷம்தான் நன்றாக வந்தது. ஷைனி சிரித்துச் சிரித்துக் கடைசியில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஸ்கூல்ல பேசுவியா மக்ளே?"

"பேசித்தான் ஆகணும். எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சுல்லா."

"அப்போ ஊருக்கு?"

"லீவுக்குப் போவோம். ஈடாவும் வாறேன்னு சொல்லிருக்கா."

மத்தியானம் நேற்றைய பிரியாணியைச் சூடாக்கினேன். இன்னும் மூன்று நாளைக்கு வரும். சாப்பிட உட்காரும்போது அண்ணன் வீடியோவில் வந்தான். அவனுக்குப் பின்னால் கடை. நட்சத்திர விளக்குகளைப் பரணிலிருந்து இறக்கித் தரையில் பரப்பியிருந்தான்.

"என்ன டே, முடிவு என்னாச்சு? ஜெகன் இன்னா வாசல்ல நிக்கான்."

ஷைனி சாப்பாட்டில் கைவைக்காமல் இருந்தாள்.

"பிள்ள பேசிட்டாண்ணே" என்றேன்.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அப்போ நீ வரல்ல?"

"வரல்ல."

"ஜெகனச் சேத்துக்கிடட்டா?"

"சேத்துக்கோ. நல்ல பையன். பெரிய ஆம்ப்ளிஃபயர மட்டும் அவன்ட்ட விடாத. சூடாச்சுன்னா அஞ்சு நிமிஷம் கரண்ட அமத்திப் போடணும், அது அவனுக்குத் தெரியாது."

"அதெல்லாம் நீ சொல்லிக் குடுப்பியா போன்ல?"

"சொல்லுதேன்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். அஜிஷா மேல்மாடிக்குப் போயிருந்தாள். ஓடும் சத்தம் கேட்டது, ஞாயிற்றுக்கிழமைச் சட்டம் ஞாபகமில்லை போலிருக்கிறது. ஷைனி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைக்குச் சரியாயிட்டு. ஒங்களுக்கு?"

"எனக்கென்ன கொறச்சல்?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"பப்படம் ஒண்ணுகூட இல்ல, எல்லாத்தையும் அந்தப் பிள்ளேளு தின்னுட்டு. நாளைக்கு வாங்கணும்" என்றேன். அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

நான் சொல்லாமல் விட்டது: எனக்கு ஊருக்குப் போகணும், ஷைனி.